ஒப்பீடற்ற வகுப்பறை: ஜே. கிருஷ்ணமூர்த்தியின் கல்விச் சிந்தனையும் தன்னறிதலும்

1909ஆம் ஆண்டில் ஜித்து கிருஷ்ணமூர்த்தி என்ற பதினான்கு வயதுச் சிறுவன்மீது இரண்டு தீர்ப்புகள் விழுந்தன. மதனப்பள்ளியிலிருந்து அடையாறுக்குக் குடிபெயர்ந்த பிரம்மஞான சபை ஊழியர் நாராயணய்யாவின் மகன் அவன். மயிலாப்பூர்ப் பள்ளி ஆசிரியர் அவனை மந்த புத்திக்காரன் என்று முடிவுகட்டிப் பிரம்பால் அடித்து வெளியே நிறுத்தினார். அதே ஆண்டில் அடையாற்றங்கரையில் அவனைக் கண்ட சபையின் முன்னோடிகளுள் ஒருவரான லெட்பீட்டர், சபை எதிர்பார்த்திருந்த உலக ஆசான் இறங்கப்போகும் உடல் இதுவே என்று அறிவித்தார். ஒன்று வசை, மற்றது வாழ்த்து. இரண்டையும் பிறர்தான் சொன்னார்கள். சிறுவன் யாரென்று பார்ப்பதற்கு முன்பே அவனை ஏதோ ஓர் அளவுகோலில் நிறுத்திவிட்டார்கள்.

கிருஷ்ணமூர்த்தியைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் இரண்டாவது தீர்ப்பையே பேசுகின்றன. அந்த உலக ஆசானை வரவேற்க 1911இல் தொடங்கிய கீழ்த்திசை விண்மீன் சங்கம், 1929 ஆகஸ்ட் 3 அன்று நெதர்லாந்தின் ஓமன் முகாமில் அதை அவரே கலைத்தது, பிறகு அறுபதாண்டு அளவில் நாடு நாடாகப் பேசியது என்று அந்தக் கதை நகரும். அதில் கல்வி ஒரு கிளைப்பொருளாகவே வரும். ஞானி சில பள்ளிகளையும் தொடங்கினார் என்ற அளவில் முடியும். அந்த வரிசையைத் தலைகீழாக்கிப் படிக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். மயிலாப்பூர்ப் பிரம்பும் அடையாற்று முடிசூட்டலும் ஒரே நோயின் இரு முகங்கள் என்று கண்டதிலிருந்துதான் அவருடைய கல்விச் சிந்தனைக்கு வலு வருகிறது. குழந்தையை ஒப்பிடுவதும், ஒப்பீட்டால் கிடைத்த பிம்பத்தைக் குழந்தையே தன் முகம் என்று நம்புவதுமே அந்த நோய்.

அந்தப் பிம்பம் எவ்வளவு தூரம் சென்றது என்பதற்கு நீதிமன்ற ஆவணமே சாட்சி. கிருஷ்ணமூர்த்தியையும் அவர் தம்பியையும் திருப்பித் தருமாறு நாராயணய்யா 1912இல் சபைத் தலைவர் அன்னி பெசன்ட்மீது வழக்குத் தொடுத்தார். சென்னையில் வென்றார், 1914இல் லண்டன் பிரிவி கவுன்சிலில் தோற்றார். சிறுவர்களின் தரப்பைக் கீழ் நீதிமன்றங்கள் கேட்கவே இல்லை என்பது பிரிவி கவுன்சில் சுட்டிய குறைகளுள் ஒன்று. தந்தைக்கும் வளர்ப்பவருக்கும் உள்ள உரிமை பேசப்பட்டது. பிள்ளைகள் வழக்கின் பொருளாக மட்டும் இருந்தார்கள். பின்னர் இங்கிலாந்தில் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுகளில் கிருஷ்ணமூர்த்தி மீண்டும் மீண்டும் தோற்றார். பட்டம் எதுவும் பெறவில்லை. தேர்வு முறையைப் பிற்காலத்தில் அவர் விமர்சித்ததைத் தோற்றவனின் புலம்பல் என்று ஒதுக்குவது எளிது. அந்தத் தோல்விகளைப் பற்றி அவரிடம் கசப்பு இருந்ததற்கான தடயம் அநேகமாக இல்லை என்பதால் அந்த வாசிப்பு நிற்காது.

1912 நூலும் 1953 நூலும்

கல்வி பற்றி அவர் பெயரில் வந்த முதல் நூல் 1912இல் வெளியான ‘சேவையாகக் கல்வி’. பிரம்மஞான சபையின் முத்திரை அதில் வெளிப்படையாகத் தெரிகிறது. ‘குருவின் திருவடிகளில்’ என்ற முந்தைய சிறுநூல் ஆன்மிகச் சீடனுக்கு வகுத்த நான்கு தகுதிகளை இந்நூல் ஆசிரியருக்குப் பொருத்துகிறது. பிரம்படியைக் கடுமையாக எதிர்க்கிறது. அன்பே வகுப்பறையின் அடிப்படை என்கிறது. அன்றைய சூழலில் இது துணிவான பேச்சுதான். ஆயினும் அதன் அமைப்பு மரபானது. ஓர் இலட்சிய ஆசிரியரின் உருவம் முன்னே நிற்கிறது, நடைமுறை ஆசிரியர் அதை நோக்கி உயர வேண்டும்.

நாற்பத்தோராண்டு கழித்து, 1953இல் வெளிவந்த ‘கல்வியும் வாழ்வின் முக்கியத்துவமும்’ அந்த அமைப்பையே உடைக்கிறது. இலட்சியம் என்பது இருப்பதைப் பார்க்காமல் தப்பிக்கும் வழி என்பது இந்நூலின் நிலைப்பாடு. ‘இப்படி ஆக வேண்டும்’ என்ற உருவத்தை முன்வைத்துக் குழந்தையைப் பார்க்கும் ஆசிரியர் உருவத்தைத்தான் பார்க்கிறார், குழந்தையைப் பார்ப்பதில்லை. தன்னைப் பற்றியும் அவர் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருப்பார். ஆகவே கல்விச் சீர்திருத்தம் பாடத்திட்டத்தில் தொடங்குவதில்லை. பயிற்றுவிப்பவர் தம்மை அறிவதில் தொடங்குகிறது. ஆசிரியருக்குக் கல்வி புகட்டுவதே முதல் வேலை என்று அவர் கருதினார். 1978 செப்டம்பரில் தொடங்கித் தம் பள்ளிகளுக்கு அவர் அனுப்பிய கடிதத் தொடரும் பெரும்பாலும் ஆசிரியர்களை நோக்கியே பேசுகிறது.

இங்கே தன்னறிதல் என்ற சொல் நம்மை வழிமாற்றக் கூடும். தமிழ் வாசகருக்கு அது உடனே திருவண்ணாமலையை நினைவூட்டும். ரமணரின் விசாரம் ‘நான்’ எழும் இடத்தை நோக்கி உள்முகமாகத் திரும்பச் சொல்கிறது. திரும்பினால் அங்கே ஆன்மா என்னும் மாறாத உண்மை உண்டு என்ற உறுதி அதன் பின்னணியில் நிற்கிறது. கிருஷ்ணமூர்த்தி அந்த உறுதியைத் தருவதில்லை. அவருக்கு ‘நான்’ என்பது நினைவுகளின், பழக்கங்களின், அச்சங்களின் திரள். அதைத் தனியறையில் கண்மூடி அமர்ந்து ஆராய வேண்டியதில்லை என்பார். மனைவியோடு, மேலதிகாரியோடு, வேலையாளோடு, மாணவரோடு பழகும்போது அது தானாகவே வெளிப்படும். வெளிப்படும் கணத்தில் கண்டிக்காமலும் நியாயப்படுத்தாமலும் கவனித்தால் போதும். பார்ப்பவரும் பார்க்கப்படுவதும் வேறல்ல என்பதே இதன் தத்துவக் கரு. இந்த வகையில் அவர் அத்வைதத்தைவிடப் பௌத்தத்துக்கு நெருக்கமானவர், எந்த மரபையும் அவர் தமதென்று ஏற்காவிட்டாலும்.

இந்த நிலைப்பாட்டின் கல்வி விளைவு பெரிது. உறவில்தான் சுயம் தெரியும் என்றால், ஒரு மனிதர் வாழ்வில் நாள்தோறும் பல மணி நேரம் உறவுகளுக்குள் வைக்கப்படும் முதல் பொது இடமான பள்ளியே தன்னறிதலுக்கு உரிய இடம் ஆகிறது. சக ஆசிரியர் புகழப்படும்போது ஆசிரியர் அறையில் எழும் பொறாமை, கேள்விக்கு விடை தெரியாதபோது வகுப்பில் எழும் எரிச்சல், ஆய்வாளர் வரும் நாளின் நடுக்கம் எல்லாமே ஆய்வுப் பொருள்கள். தலைமை ஆசிரியருக்கு அஞ்சும் ஆசிரியர் மாணவரிடம் அச்சமின்மையைப் பற்றி எவ்வளவு பேசினாலும், பிள்ளை அச்சத்தைத்தான் கற்கும்.

ஒப்பீட்டை அவர் இவ்வளவு வன்மையாக மறுத்ததன் காரணமும் இதுவே. ‘உன் அண்ணனைப் பார்’ என்று சொல்லும்போது தம்பி அண்ணன் வழியாகத் தன்னைப் பார்க்கப் பழகுகிறான். அதன்பின் அவன் கணக்கு போடும்போதும் கணக்கைப் பார்ப்பதில்லை, தன் இடத்தைப் பார்க்கிறான். தரவரிசையில் கீழே இருப்பவன் மட்டும் இதில் பாதிக்கப்படுகிறான் என்று நம் கல்வி உளவியல் பொதுவாகக் கருதுகிறது. முதல் மதிப்பெண் பெறுபவனும் அதே அளவு பாதிக்கப்படுகிறான் என்பது கிருஷ்ணமூர்த்தியின் தனித்த பங்களிப்பு. உலக ஆசான் என்று பதினெட்டு ஆண்டுகள் அழைக்கப்பட்ட ஒருவரே அதைச் சொல்ல முடியும்.

பள்ளத்தாக்கில் நடந்தது

மதனப்பள்ளிக்கு அருகே வறண்ட குன்றுகளுக்கு நடுவே ரிஷி வேலி, வாரணாசியில் கங்கைக் கரையில் ராஜ்காட், இங்கிலாந்தில் 1969இல் தொடங்கிய பிராக்வுட் பார்க், கலிஃபோர்னியாவின் ஒஹாயில் 1975இல் தொடங்கிய ஓக் குரோவ், சென்னையில் 1973 முதல் இயங்கும் ‘தி ஸ்கூல்’ எனப் பள்ளிகள் பெருகின. ரிஷி வேலியில் கீழ் வகுப்புகளில் தேர்வு இல்லை, தரவரிசை இல்லை, பரிசு இல்லை. மாலையில் மாணவர்கள் குன்றோரம் அமர்ந்து, கதிரவன் மறைவதைப் பேசாமல் பார்க்கும் வழக்கம் உண்டு. அஸ்தாசல் என்று அதற்குப் பெயர்.

குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. இவை ஆங்கில வழி இயங்கும் பள்ளிகள். கட்டணம் செலுத்த இயன்ற குடும்பங்களின் பிள்ளைகளே பெரும்பாலும் படிப்பவர்கள். ரிஷி வேலியில் மேல் வகுப்பில் ஐசிஎஸ்இ தேர்வு உண்டு. அதன் மதிப்பெண்ணோடு அவர்கள் போட்டி நிறைந்த உலகுக்குள்ளேயே போகிறார்கள். ஒப்பீடற்ற பால்யம் என்பது வசதி உள்ளவர்க்குக் கிடைக்கும் விடுமுறைக் காலமாக ஆகிவிட்டதோ என்ற ஐயம் நியாயமானது. கிருஷ்ணமூர்த்தி இதற்கு நேரான விடை எதையும் விட்டுச் செல்லவில்லை. பரவலான அமைப்புகளை நம்பாதவர் அவர். சிறிய பள்ளி, முழு ஈடுபாடு கொண்ட சில ஆசிரியர்கள் என்பதே அவர் எண்ணம். முறை என்று ஒன்றை வகுத்தால் ஆசிரியர் முறையைப் பின்பற்றுவார், குழந்தையைக் கவனிக்க மாட்டார் என்பது அவர் அச்சம்.

சுவையான திருப்பம் இங்குதான் நேர்கிறது. அவர் மறைந்தது 1986 பிப்ரவரி 17. அதற்கடுத்த ஆண்டுகளில் ரிஷி வேலியைச் சுற்றியுள்ள ராயலசீமைக் குக்கிராமங்களின் பிள்ளைகளுக்காக, ரிஷி வேலியின் கல்வி வள மையம் சிறு பள்ளிகளைத் தொடங்கியது. ஆடு மேய்க்கவும் அறுவடைக்கும் போய்ப் பல நாள் வராமல் இருக்கும் பிள்ளைகள், எல்லா வகுப்பும் ஒரே அறையில், ஓர் ஆசிரியர். பாடநூல் இங்கே பயன்படாது என்று கண்ட பத்மநாப ராவும் ரமாவும் பாடங்களைச் சிறு அட்டைகளாகப் பிரித்தார்கள். அட்டைகளின் வரிசையை ஏணி வடிவில் வரைந்து சுவரில் மாட்டினார்கள். எழுத்தறியாத பிள்ளையும் படச் சின்னத்தைக் கண்டு தன் அட்டையைத் தானே எடுத்துக்கொள்ளும். ஒரு மாதம் கழித்து வந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். ‘ஏன் பின்தங்கினாய்’ என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை.

எம்முறையையும் மறுத்த சிந்தனையாளரின் வளாகத்திலிருந்து ஒரு முழுமையான முறை பிறந்தது. குருவின் வாக்குக்கு இது துரோகம் என்று தூய்மைவாதிகள் சொல்லலாம். என் கணிப்பு வேறு. ‘ஒப்பிடாதே’ என்று ஆசிரியருக்கு அறிவுரை சொல்வதோடு நில்லாமல், ஒப்பிடுவதற்கான வாய்ப்பையே வகுப்பறையின் அமைப்பிலிருந்து நீக்கியது இம்முயற்சி. கிருஷ்ணமூர்த்தியின் கருத்து முதன்முறையாகப் பொருளாகவும் பயன்பாடாகவும் மாறி, ஏழைப் பிள்ளையின் கைக்கு எட்டியது.

சென்னைக்கு வந்த ஏணி

தமிழ்நாட்டோடு இதற்கு நேர்த்தொடர்பு உண்டு. 2003இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம். பி. விஜயகுமார், மாநகராட்சிப் பள்ளி ஆசிரியர்களை ரிஷி வேலிக்கு அனுப்பிப் பயிற்சி பெறச் செய்தார். அங்கு கண்டதையும் மாண்டிசோரி கருவிகளையும் இணைத்து உருவானதே செயல்வழிக் கற்றல். (மரியா மாண்டிசோரி 1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் அடையாறுக்கு வந்து பயிற்சி வகுப்புகள் நடத்தியவர், இரு நீரோட்டங்களும் அறுபது ஆண்டு கழித்து மீண்டும் சென்னையிலேயே கலந்தன.) 2007-08இல் அது மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. ஆசிரியர் நாற்காலியை விட்டுப் பாயில் அமர்ந்தார். ஒவ்வொரு பிள்ளைக்கும் கைக்கெட்டும் உயரத்தில் கீழ்மட்டக் கரும்பலகை வந்தது. பிள்ளையே தன் வருகையைப் பதிந்தது.

நாற்காலியிலிருந்து பாய்க்கு இறங்கியதைச் சிறு மாற்றம் என்று கருத வேண்டாம். கிருஷ்ணமூர்த்தி நூற்றுக்கணக்கான உரைகளில் சாடிய அதிகாரம், அரசுப் பள்ளி அறையில் கண்ணுக்குத் தெரியும்படி மூன்றடி இறங்கியது.

ஆனால் இறங்கியது உடல் மட்டுமா என்பதே கேள்வி. செயல்வழிக் கற்றல் மேலிருந்து வந்த உத்தரவாக வேகமாகப் பரவியது. பயிற்சியில் அட்டையைக் கையாள்வது, பதிவேட்டை நிரப்புவது, குழு பிரிப்பது ஆகியவை சொல்லித் தரப்பட்டன. ஆசிரியர் தம் அச்சத்தையும் அதிகார ஆசையையும் கவனிப்பது பயிற்சியின் பகுதியாக இல்லை. இருக்கவும் முடியாது, அதைச் சுற்றறிக்கையில் எழுத இயலாது. ஆகவே ‘உன் பையன் எந்த ஏணிப்படியில் இருக்கிறான்’ என்று பெற்றோர் கேட்க, ‘உங்கள் வகுப்பில் எத்தனை பேர் எந்தப் படியில்’ என்று அதிகாரி கேட்க, ஒப்பீடு வேறு வாசல் வழியே திரும்பி வந்தது. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைப்படுத்துகிறது. கற்பித்தலுக்கு அது உதவும் என்பதில் ஐயமில்லை. தன்னை அரும்பு என்று அறிந்த பிள்ளை பக்கத்தில் இருக்கும் மலரை எப்படிப் பார்க்கிறது என்பதை யாரும் அளப்பதில்லை.

கருவி பயணிக்கும், கவனம் பயணிக்காது. கிருஷ்ணமூர்த்தியின் அச்சம் இந்த அளவில் சரியாகவே இருந்தது. எனினும் கருவியே வேண்டாம் என்ற அவர் முடிவை ஏற்றிருந்தால், அந்தப் பிள்ளைகளுக்கு இரண்டுமே கிடைத்திருக்காது.

இன்னொரு போதாமையையும் பேச வேண்டும். ஒப்பீடு மனத்தில் நிகழும் ஒன்று, அதைக் கவனித்தால் கரையும் என்பது அவர் நம்பிக்கை. சாதி அப்படிப்பட்டதன்று. தன்னை எவரோடும் ஒப்பிட்டுக்கொள்ளாத தலித் சிறுவனையும் ஊர் ஒப்பிட்டே வைத்திருக்கிறது. தேசம், மதம், சாதி எல்லாவற்றையும் மனத்தின் கட்டுப்பாடுகள் என்று ஒரே மூச்சில் சொல்லிக் கடந்துவிடும் இடங்களில் அவர் பேச்சு மெலிகிறது. வியப்பு என்னவென்றால், அவர் வளர்ந்த அதே அடையாறில் சபையின் நிறுவனர்களுள் ஒருவரான கர்னல் ஆல்காட் 1894இலேயே ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கென்று இலவசப் பள்ளி தொடங்கியிருந்தார். சபையின் மறைஞானத்தை உதறிய கிருஷ்ணமூர்த்தி, சபையின் அந்தச் சமூக முயற்சியிடமிருந்து கற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. தன்னறிதலைக் கல்வியின் மையமாக வைக்கும் எந்தக் கோட்பாடும், ‘தன்’ என்பதைப் பிறர் எந்த அளவுக்குச் செய்துவைத்திருக்கிறார்கள் என்ற கேள்வியையும் அந்த மையத்திலேயே வைத்தாக வேண்டும். 1909இல் அந்தச் சிறுவனுக்கு நேர்ந்ததே அதற்குப் போதிய சான்று.

இன்று பி.எட். மாணவர்கள் கிருஷ்ணமூர்த்தியைக் கல்விச் சிந்தனையாளர் வரிசையில் ஒருவராகப் படித்து, ஐந்து மதிப்பெண் வினாவுக்கு விடை எழுதிவிட்டுப் போகிறார்கள். அதைவிடப் பயனுள்ள பணி ஒன்று காத்திருக்கிறது. 2003இல் ரிஷி வேலிக்குச் சென்றுவந்த மாநகராட்சி ஆசிரியர்களில் பலர் ஓய்வு பெற்றுவிட்டார்கள், மற்றவர்கள் ஓய்வை நெருங்குகிறார்கள். பாயில் அமர்ந்த முதல் நாள் தமக்குள் என்ன நடந்தது, எது மாறியது, எது மாற மறுத்தது என்பதை அவர்கள் மட்டுமே சொல்ல முடியும். செயல்வழிக் கற்றல் பற்றிய மதிப்பீடுகள் பெரும்பாலும் பிள்ளைகளின் கற்றல் அடைவைச் சுற்றியே அமைந்தவை. ஆசிரியரின் தன்னறிதல் அவற்றின் கேள்வியாக இருந்ததில்லை. கல்வியியல் துறைகள் இந்த ஆசிரியர்களின் வாய்மொழி வரலாற்றைத் தாமதமின்றிப் பதிவு செய்ய வேண்டும்.