பெருங்குடல் பரிசோதனையும் பத்தாண்டு என்னும் எண்ணும்

கொலோனோஸ்கோபியில் குறையேதும் காணப்படாதவர், குடும்பத்தில் எவருக்கும் பெருங்குடல் புற்றுநோய் இல்லையெனில், பத்து ஆண்டுகள் கழித்து மறுபரிசோதனைக்கு வந்தால் போதும் என்பது இன்று அமெரிக்க மருத்துவத்தின் பாடநூல் வாசகம். 1997இல் அந்நாட்டு வல்லுநர் குழு ஒன்று இதனைப் பரிந்துரைத்தபோது, நோய்க்குறி இல்லாதோரிடையே கொலோனோஸ்கோபி உயிரிழப்பைக் குறைக்கிறதா என்று நேரடியாக அளந்த ஆய்வு எதுவும் இல்லை. அந்த எண் வேறிடங்களிலிருந்து உய்த்துணரப்பட்டது.

முதல் சான்று நோயியலாளர்களுடையது. 1975இல் லண்டன் செயிண்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் மோர்சன் குழுவினர், குடற்சுவரில் தோன்றும் அடினோமா என்னும் சிறுகட்டி மெல்ல மெல்லவே புற்றாக மாறுகிறது என விளக்கினர். அந்த வேகத்தை அளந்து பார்ப்பது எளிதன்று. கட்டியைக் கண்ட மருத்துவர் அதனை அகற்றாமல் காத்திருப்பதில்லை. ஆயினும் கொலோனோஸ்கோபி பரவுவதற்கு முந்தைய காலத்தில், அறுவைக்குப் பதிலாக எக்ஸ்-கதிர்ப் படங்கள் வழியே கண்காணிக்கப்பட்ட 226 நோயாளிகளின் பதிவுகள் மேயோ கிளினிக்கில் இருந்தன. ஒரு சென்டிமீட்டரோ அதற்கு மேலோ அளவுள்ள கட்டி இருந்த இடத்திலேயே புற்று தோன்றும் வாய்ப்பு ஐந்தாண்டில் 2.5 விழுக்காடு, பத்தாண்டில் 8, இருபதாண்டில் 24 என 1987இல் வெளியான அவ்வாய்வு கணித்தது. இன்று எவரும் திரும்பச் செய்ய இயலாத ஆய்வு அது.

மற்றொரு சான்று, 1992இல் செல்பி குழுவினர் கலிபோர்னியாவில் கண்டது: விறைப்பான சிக்மாய்டோஸ்கோபி தரும் பாதுகாப்பு ஒன்பது, பத்து ஆண்டுகளுக்குப் பின்னும் குன்றவில்லை. அக்கருவியோ ஓரடிக்கும் குறைவான தொலைவையே காண்பது. அதன் பத்தாண்டை ஒன்றரை மீட்டர் பெருங்குடல் முழுமைக்கும் நீட்டியது துணிச்சலான ஊகமே.

2001 ஜூலையில் மெடிகேர் காப்பீடு இந்த இடைவெளியை ஏற்றதும், ஊகம் கட்டண விதியாயிற்று. ஜெர்மனியும் 2002இல் பத்தாண்டு இடைவெளியுடன் இரு பரிசோதனைகளை அறிமுகப்படுத்தியது.

சரிபார்ப்பு பின்னரே வந்தது. கனடாவின் மனிடோபாவில் குறையற்ற முடிவு பெற்ற 35,975 பேரை ஆராய்ந்த 2006ஆம் ஆண்டின் ஆய்வு, நோய் வாய்ப்பு பத்தாண்டுக்கு மேலும் குறைந்தே இருப்பதைக் காட்டியது. 2024இல் சுவீடன் தரவுகள் பதினைந்து ஆண்டு இடைவெளியையே முன்வைத்தன. ஆனால் யார் பார்த்த முடிவு என்பது இந்த எண்ணுக்குள் அடங்கவில்லை. 2014இல் ஆராயப்பட்ட 136 அமெரிக்க மருத்துவர்களுள் ஒருவர் 7.4 விழுக்காட்டினரிடம் மட்டுமே அடினோமாவைக் கண்டார், மற்றொருவர் 52.5 விழுக்காட்டினரிடம் கண்டார். இருவரும் தந்த 'குறையில்லை' என்னும் சொல்லுக்கு ஒரே பத்தாண்டுதான்.

விதி காக்கப்பட்டதா என்பது தனிக்கதை. குறையற்ற முடிவு பெற்ற மெடிகேர் பயனாளிகளுள் 46.2 விழுக்காட்டினர் ஏழாண்டுகளுக்குள்ளேயே மீண்டும் பரிசோதிக்கப்பட்டதாக 2011இல் குட்வின் குழுவினர் கண்டனர். அவற்றுள் தெளிவான காரணமின்றிச் செய்யப்பட்டவற்றில் காப்பீடு கட்டணம் மறுத்தது 2 விழுக்காட்டிற்கே.