ரப்பர் பஞ்சமும் ஒரு அகச்சிவப்புப் பெட்டியும்

பி.காம். படித்துவிட்டு வங்கியில் வவுச்சர் பார்க்கிற ஆளுக்கு பாலிமர் எதற்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான் :-) ஆனால் நான் வேலை பார்க்கும் அந்தமானிலிருந்து பார்த்தால் இது வெறும் வேதியியல் பாடம் இல்லை. நம் ஜனங்களின் கதையும் இதில் இருக்கிறது.

முதலில் அடிப்படை. 1800-ல் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியை முப்பட்டகத்தால் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தார். சிவப்பைத் தாண்டி, கண்ணுக்கு ஒன்றும் தெரியாத இடத்தில் சூடு அதிகமாக இருந்தது. அதுதான் அகச்சிவப்பு. ஒரு பொருளின் மேல் அதைப் பாய்ச்சினால், அணுப் பிணைப்புகள் தங்கள் அதிர்வுக்குப் பொருந்தும் அலைகளை மட்டும் விழுங்கும். எந்தெந்த அலை குறைந்தது என்று வரைந்தால் பொருள் எதுவென்று தெரிந்துவிடும். காசோலைக் கையெழுத்தை மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிடுவது போலத்தான்.

இந்த வித்தை வெகுகாலம் ஆய்வகங்களுக்குள்ளேயே கிடந்தது. அதைத் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்தது ஒரு பஞ்சம், ரப்பர் பஞ்சம்.

1876-ல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்கு ரப்பர் விதைகளைக் கொண்டுபோனார். அங்கே முளைத்த கன்றுகள் இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் வந்தன. பிறகு மலேயா முழுக்கத் தோட்டங்கள். அங்கே விடியுமுன் எழுந்து பால் வெட்டியவர்களில் பெரும்பகுதி தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள்.

1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. மார்ச் 23-ல் அவர்கள் இங்கே போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) இறங்கினார்கள். 1945 அக்டோபர் வரை இந்தத் தீவுகள் அவர்கள் கையில் இருந்தன. அதே படையெடுப்பில் அமெரிக்காவுக்கு வந்துகொண்டிருந்த இயற்கை ரப்பரில் சுமார் 90 சதவீதம் நின்றுபோனது. டயர் இல்லாமல் போர் எப்படி நடத்துவது?

பியூட்டாடையீன், ஸ்டைரீன் இரண்டையும் சேர்த்து செயற்கை ரப்பர் செய்யத் தொடங்கினார்கள். பியூட்டாடையீனோ அதே நான்கு கார்பன் கொண்ட மற்ற வாயுக்களோடு கலந்தே கிடைக்கும். பழைய முறையில் பிரித்து அளக்க ரொம்ப நேரம் ஆனது. அகச்சிவப்பில் அது சீக்கிரம் முடிந்தது. ஷெல் நிறுவனத்தின் ராபர்ட் பிராட்டெய்ன் உருவாக்கிய வடிவத்தை வைத்து, அமெரிக்க அரசின் ரப்பர் அலுவலகத்துக்காக பெக்மன் நிறுவனம் 1942-ல் ஐ.ஆர்.-1 என்ற கருவியைச் செய்தது. போர் முடியும்வரை அது ரகசியம். 1944-ல் பெர்கின்-எல்மர் தன் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

போருக்குப் பிறகு இயற்கை ரப்பரையும் செயற்கை ரப்பரையும் கலந்து டயர் செய்வது சாதாரணமாகிவிட்டது. அந்தக் கலவையைப் படிக்கவும் இதே கருவிதான். அலை எண் 835 பக்கம் பள்ளம் விழுந்தால் மரத்து ரப்பர், 965 பக்கம் விழுந்தால் பியூட்டாடையீன், 700 பக்கம் விழுந்தால் ஸ்டைரீன். டயரில் உள்ள கரித்தூள் கதிரை விழுங்கிவிடும் என்பதால், துண்டைச் சுட்டு ஆவியைக் குளிரவைத்து அளப்பார்கள்.

எவ்வளவு இருக்கிறது என்பது ஒரு கேள்வி, எங்கே இருக்கிறது என்பது இன்னொன்று. இரண்டு பாலிமர்கள் பெரும்பாலும் எண்ணெயும் தண்ணீரும் மாதிரி ஒட்டாது. ஒன்று கடலாகவும் மற்றது தீவுகளாகவும் நிற்கும். அந்தத் தீவுகளின் அளவைப் பொறுத்துத்தான் பொருளின் உறுதி. இதைப் பார்க்க நுண்ணோக்கியோடு அகச்சிவப்பை இணைத்தார்கள். 1980-களில் கணினி வந்தபின் அது நன்றாக வேலை செய்தது. ஆனால் அலைநீளம் காரணமாக சுமார் 10 மைக்ரானுக்குக் கீழே மங்கிவிடும். 2005-ல் பிரான்சில் அலெக்சாந்தர் டாசி குழுவினர், கூர்முனை ஊசி ஒன்றால் வெப்ப விரிவைத் தொட்டறிந்து அந்த எல்லையைத் தாண்டினார்கள்.

கருவியின் வரலாறு இப்படி ஆண்டுவாரியாகப் பதிவாகி இருக்கிறது. பால் வெட்டியவர்களின் வரலாறு அப்படி இல்லை. ஜப்பானியர் வந்ததும் தோட்டத் தமிழர்களை சயாம் ரயில் பாதை போட அழைத்துப் போனார்கள். ஆயிரக்கணக்கானோர் திரும்பவில்லை. காஞ்சனபுரியில் நேச நாட்டுப் போர்க் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறை வரிசைகள் உண்டு. நம்மவர்களில் பெரும்பாலோருக்கு அது கிடைக்கவில்லை.

இலங்கையில் வேறு கதை. 1964 அக்டோபரில் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 மலையகத் தமிழர்களை இந்தியா ஏற்பதென்று முடிவானது. அப்படித் திரும்பியவர்களில் சில குடும்பங்கள் நிக்கோபாரின் கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. 2004 டிசம்பர் 26 சுனாமியில் மிக மோசமாக அடிபட்ட தீவுகளில் கச்சாலும் ஒன்று.

இன்று இதே அகச்சிவப்புக் கருவிதான், உலகெங்கும் கடல் ஒதுக்கும் பிளாஸ்டிக் துகள்களை பாலித்தீனா, பாலிபுரொப்பிலீனா என்று பிரித்துச் சொல்கிறது. பெரிய பாட்டில் என்றால் லேபிளைப் படித்து எந்த நாட்டுச் சரக்கு என்று சொல்லிவிடலாம். லேபிள் போன துகளுக்கு இந்தக் கருவி வேண்டும்.

உங்கள் தாத்தா பாட்டியோ பெரியப்பாவோ மலேயாவிலோ மலையகத்திலோ கச்சாலிலோ பால் வெட்டியிருந்தால், தோட்டத்தின் பெயர், கப்பல் ஏறிய ஆண்டு, கூடப் போனவர்களின் பெயர்கள் ஆகியவற்றை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். முடிந்தால் எனக்கும் இரண்டு வரி அனுப்புங்கள். மனிதர்கள் விஷயத்தில் லேபிள் போனபின் படித்துச் சொல்லக் கருவி கிடையாது.