தும்பிக்கை வச்ச ‘லை’

நெய்வேலி அனல் மின் நிலையத்தோட முதல் யூனிட் ஓட ஆரம்பிச்சது 1962. அப்போ ‘நிலையம்’னு எழுதினா, ‘லை’யில யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு ஒட்டியிருக்கும். ணை, ளை, னைக்கும் அப்படித்தான். அச்சுக் கோர்க்க நாலுக்கும் தனித்தனி ஈய எழுத்து வேணும். ‘கை’க்குப் போடுற இணைக்கொம்பே இதுக்கும் போதும்னு பெரியார் 1935-லேயே ‘குடி அரசு’ல மாத்தினார். எம்.ஜி.ஆர். அரசு ஆணை போட்டது 1978-ல.

அச்சு வேலை மிச்சமாச்சு. ஆனா தாத்தா எழுதின கடிதத்துல நாம தடுமாறுறோம்.

பழைய ‘லை’ செத்துப்போச்சா? இல்லை. யூனிகோடுக்கு ரெண்டும் ஒரே எழுத்துதான். எப்படி வரையணும்ங்கிறது ஃபான்ட்டோட முடிவு. லோகோவுக்கு ஐடியா தேடுறீங்களா? பழைய சினிமா போஸ்டரைப் பாருங்க. ஸ்பெல்லிங்கைத் தொடாமலே அந்தத் தும்பிக்கையைத் திரும்பக் கொண்டுவரலாம்.