யார் கூடப் போறே? வழித்துணையை வாடகைக்கு விட்டவரின் கதை

இன்றைய எபிசோடை எங்கள் வீட்டு ஹாலில் இருந்து ஆரம்பிக்கிறேன். போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுவிட்சர்லாந்து போகப் போறேன்னு வீட்டில் சொன்னேன். அப்பா எவ்வளவு செலவு ஆகும்னு கேட்கலை. எத்தனை நாள்னு கேட்கலை.

"யார் கூடப் போறே?"

"டூர் குரூப் கூடப்பா. டிராவல்ஸ்லயே எல்லாம் பார்த்துப்பாங்க."

"அது சரி. அந்த குரூப்ல உன் கூட யாரு?"

என்னிடம் பதில் இல்லை. எனக்கு 29 வயசு, சொந்தச் சம்பளத்தில் போறேன், ஆனாலும் பதில் இல்லை. இந்தக் கேள்வி நம்ம ஊர் அப்பாக்களுக்கே உரியதுன்னுதான் ரொம்ப நாள் நினைச்சிட்டிருந்தேன். படிக்க ஆரம்பிச்ச பிறகுதான் தெரிஞ்சுது, குரூப் டூர் என்கிற வியாபாரத்துக்கு வெளிநாட்டு வழி திறந்ததில் இந்தக் கேள்விக்கும் பெரிய பங்கு உண்டு. அந்தக் கதைதான் இன்னைக்கு.

ஒரு ஷில்லிங் ரயில்

இங்கிலாந்தின் நடுப்பகுதி, 1841. தாமஸ் குக் என்று ஒருவர். மரச்சாமான் செய்கிற தச்சர், பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்தவர், மதுவிலக்கில் தீவிர நம்பிக்கை உள்ளவர். ஒரு மதுவிலக்குக் கூட்டத்துக்காக மார்க்கெட் ஹார்பரோவில் இருந்து லெஸ்டருக்கு ஏறக்குறைய 24 கிலோமீட்டர் நடந்தே போகிறார். போகிற வழியில் ஒரு யோசனை: புதுசா வந்திருக்கிற ரயிலை இந்த மாதிரி கூட்டங்களுக்கு மொத்தமா பேசி எடுத்தால் என்ன?

ரயில் கம்பெனியிடம் பேசினார். 1841 ஜூலை 5 அன்று சுமார் 500 பேர் லெஸ்டரில் இருந்து லஃபரோவுக்குப் போய் வந்தார்கள். தலைக்கு ஒரு ஷில்லிங். கூட்டமா ரயிலில் உல்லாசப் பயணம் போவதைக் கண்டுபிடித்தவர் இவர் இல்லை, அதுக்கு முன்னாடியும் நடந்திருக்கு. ஆனால் அதை ஒரு தொழிலாக வளர்த்தவர் இவர்.

தொழிலின் கணக்கு ரொம்ப எளிது. ரயில்காரருக்கும் ஓட்டல்காரருக்கும் காலி இடம்தான் பயம். "நான் இத்தனை தலை கொண்டு வரேன், விலையைக் குறை" என்று ஒருவர் போய் நின்றால் அவர்கள் குறைப்பார்கள். இன்னைக்கும் எல்லா டூர் பேக்கேஜும் இந்த ஒரு வரியில்தான் நிற்கிறது. 1851-ல் லண்டன் மகா கண்காட்சிக்கு மட்டும் குக் அழைத்துப் போனவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல்.

இதில் ஒரு விஷயத்தை கவனிங்க. தலைக்கு இவ்வளவு என்று விலை வைத்த அந்த நிமிஷமே, ஒற்றைத் தலைக்கும் ஒரு டிக்கெட் உண்டு என்று ஆகிவிட்டது. அதுவரைக்கும் ஐரோப்பாவைச் சுற்றிப் பார்ப்பது பிரபு வீட்டுப் பிள்ளைகளின் சமாச்சாரம். கூட வாத்தியார் போவார், வேலைக்காரன் போவான், வண்டி போகும். ஒரு பள்ளிக்கூட வாத்தியாரோ கடை குமாஸ்தாவோ தனியாக அந்த ஏற்பாட்டைச் செய்துகொள்ள முடியாது. இப்போது அவர் வேறு யாரோ சேர்த்த கூட்டத்தில் ஒரு இடம் வாங்கிக்கலாம்.

நான்கு சகோதரிகள்

1855-ல் குக் முதல் தடவையாகக் கடல் தாண்டி ஒரு குழுவை அழைத்துப் போனார். ஆன்ட்வெர்ப், பிரஸ்ஸல்ஸ், கொலோன், ரைன் நதி, கடைசியில் பாரிஸ். குக்கின் ஐரோப்பியப் பயணங்களின் அந்த ஆரம்ப வருஷங்களில், லிங்கன் குடும்பத்தைச் சேர்ந்த நான்கு சகோதரிகள் இப்படி ஒரு குழுவில் சேர்ந்தார்கள். அவர்களில் மெட்டில்டா என்பவர் அந்த அனுபவத்தை எழுதி வைத்தார்.

அவர் எழுதியதைப் படிச்சப்போ எனக்குச் சிரிப்பு வந்துது, கொஞ்சம் வலிக்கவும் செஞ்சுது. பாதுகாப்புக்கு ஒரு ஆண் உறவினர்கூட இல்லாம வேத்து நாட்டுக்குப் போறதா, உங்களுக்கு ரொம்பத்தான் துணிச்சல் என்று தெரிந்தவர்கள் எல்லாம் சொல்லியிருக்கிறார்கள். எங்க அப்பா கேட்ட அதே கேள்வி, அவருக்கு ரொம்ப முன்னாடியே. போய் வந்த பிறகு மெட்டில்டா சொன்ன பதிலின் சாரம்: மிஸ்டர் குக் மாதிரி ஒரு வழிகாட்டி கூட இருந்தால் நாங்கள் எங்கு வேண்டுமானாலும் போவோம்.

அப்பா, அண்ணன், கணவன் என்று இருந்த இடத்தில் ஒரு டிக்கெட் வியாபாரி வந்து நிற்கிறார். நம்ம பாஷையில் இதுக்கு அழகான ஒரு சொல் இருக்கு: வழித்துணை. குக் விற்றது ரயில் டிக்கெட் மட்டும் இல்லை. வழித்துணையை வாடகைக்கு விட்டார். தனியாக வந்த பெண்கள் அவருடைய குழுக்களில் தொடர்ந்து பெரிய எண்ணிக்கையில் இருந்ததுக்கு அதுதான் காரணம்.

ஆனால் இதை விடுதலைன்னு மட்டும் சொல்லிட்டு நான் நகர விரும்பலை. அந்தச் சகோதரிகள் வீட்டை விட்டுக் கிளம்ப முடிந்தது, இன்னொரு ஆண் பொறுப்பு எடுத்துக்கொண்டதால். கதவு திறந்தது உண்மை. சாவி அவர்கள் கையில் இல்லை என்பதும் உண்மை.

கிரினோலின் பாவாடையில் பனியாறு

1863 ஜூன் 26. குக்கின் முதல் சுவிட்சர்லாந்து குழு லண்டனில் இருந்து கிளம்புகிறது. அதில் ஜெமைமா மோரல், வயது 31, யார்க்‌ஷயரில் செல்பி என்ற ஊர். கூட அவருடைய சகோதரர் வில்லியம். அந்தக் குழுவிலேயே சில ஆண்களும் பெண்களும் சேர்ந்து தங்களுக்கு 'ஜூனியர் யுனைடெட் ஆல்பைன் கிளப்' என்று வேடிக்கையாக ஒரு பெயர் வைத்துக்கொண்டார்கள். முன்பின் பழக்கமில்லாதவர்கள் மூணாவது நாளில் வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிச்சு அதுக்கு ஒரு பேரு வைப்பாங்க இல்லையா, அதே தான்.

ஜெமைமா நாட்குறிப்பு எழுதினார், படமும் வரைந்தார். விடியற்காலையில் கிளம்பி, மைல் கணக்கில் நடை, கழுதை, குதிரை வண்டி, படகு. வளையம் வைத்து விரிந்த கிரினோலின் பாவாடையோடு, கையில் ஒரு நீளக் கம்புடன், ஷமோனி பக்கத்தில் இருக்கும் மெர் தெ கிளாஸ் பனியாற்றை அந்தப் பெண்கள் கடந்தார்கள். அப்புறம் செங்குத்தான கெம்மி கணவாய். கடைசியில் லூசர்ன் ஏரிக்கு மேல் இருக்கும் ரிகி மலையில் சூரிய உதயம்.

அந்த நாட்குறிப்பு ரொம்ப காலம் எங்கே போனதுன்னே தெரியலை. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்த ஒரு லண்டன் கட்டட இடிபாட்டில், ஒரு தகரப் பெட்டிக்குள் கிடைத்தது. பயணத்தின் நூறாவது ஆண்டான 1963-ல் புத்தகமாக வந்தது. இல்லைன்னா அந்த மூணு வாரம் இந்தப் பெண்ணுக்கு எப்படி இருந்ததுன்னு யாருக்கும் தெரிந்திருக்காது.

கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தவர்கள்

குரூப் டூர் போறவங்களைக் கிண்டல் பண்றது ரீல்ஸ் காலத்துப் பழக்கம்னு நினைக்காதீங்க. 1864-ல் குக் இத்தாலிக்கு ஆள் அனுப்ப ஆரம்பித்தார். அங்கே ஸ்பெட்சியா நகரில் பிரிட்டிஷ் தூதரக அதிகாரியாக இருந்தவர் நாவலாசிரியர் சார்லஸ் லீவர். அவர் 1865-ல் 'பிளாக்வுட்ஸ்' பத்திரிகையில் புனைபெயரில் ஒரு கட்டுரை எழுதினார். ஆஸ்திரேலியா இனிமேல் பிரிட்டிஷ் கைதிகளை வாங்கிக்கொள்ள மறுக்கிறது, அதனால் அரசாங்கம் அவர்களை இத்தாலி நகரங்களில் கொண்டுவந்து கொட்டுகிறது, ஒரு ஆள் பின்னால் மந்தையாகப் போகிறவர்கள் அவர்கள்தான் என்கிற கதையை அதில் பரப்பினார். அதைச் சிலர் நம்பினார்கள் என்பதுதான் சோகம். குக் கோபத்தோடு பதில் எழுதினார். சாதாரண மனுஷனுக்கும் ரோமைப் பார்க்க உரிமை உண்டு என்பதுதான் அவருடைய வாதம்.

குக் நிற்கவில்லை. 1868-ல் ஓட்டல் கூப்பன் வந்தது. 1872-ல் ஒரு சின்னக் குழுவோடு உலகத்தையே சுற்றக் கிளம்பினார். அமெரிக்கா, ஜப்பான், இந்தியா, எகிப்து என்று மொத்தம் 222 நாள்.

இன்னொரு கதையும் இருக்கு. ஜான் ஆண்டர்சன் என்ற நியூசிலாந்து இளைஞர் 1960-களின் தொடக்கத்தில் லண்டன் வந்தார். ஐரோப்பா பார்க்க ஆசை, கையில் காசு இல்லை, கூட ஆளும் இல்லை. ஒரு மினிபஸ்ஸுக்கு அட்வான்ஸ் கொடுத்து, முன்பின் தெரியாத இளைஞர்களைச் சேர்த்துச் செலவைப் பிரித்துக்கொண்டார். 12 வாரம் சுற்றிவிட்டு வந்து பஸ்ஸை விற்கப் பார்த்தார், விலை போகவில்லை. சரி, இன்னொரு டிரிப் போவோம்னு கிளம்பினார். அப்படிப் பிறந்ததுதான் 'கான்டிகி'. தனியாக நின்ற ஒருத்தர் தனக்கே ஒரு கூட்டத்தைக் கட்டிக்கொண்ட கதை.

காலிக் கட்டிலுக்கு வாடகை

இப்போ என் கதைக்கு வரேன். டிராவல்ஸ் ஆபீஸில் விலைப் பட்டியலைக் காட்டினார்கள். கீழே பொடி எழுத்தில் 'ட்வின் ஷேரிங் அடிப்படையில்' என்று இருந்தது. அறைக்கு இரண்டு பேர் என்று வைத்துக்கொண்டு போட்ட விலை. ஒருத்தராகப் போனால் 'சிங்கிள் சப்ளிமென்ட்', கிட்டத்தட்ட 50 ஆயிரம் ரூபாய் கூடுதல். ஓட்டல்காரர் அறையை விற்கிறார், கட்டிலை இல்லை. அந்தக் காலிக் கட்டிலின் வாடகை நம்ம தலையில் விழுகிறது. தனி ஆளுக்காகக் கதவைத் திறந்த அதே தொழிலில், இன்னைக்கு தனி ஆள்தான் அதிகம் கொடுக்கிறார்.

"வேணும்னா இன்னொரு லேடி கூட ஷேர் பண்ணிக்கலாம் மேடம்" என்றார்கள். சரின்னுட்டேன்.

அந்த இன்னொரு லேடி, மதுரையில் இருந்து வந்த ரிட்டயர்ட் தலைமை ஆசிரியை. 64 வயது. கணவர் இறந்து இரண்டு வருஷம். ஏர்போர்ட்டில் என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார்.

"தனியாவாம்மா வந்திருக்க?"

"ஆமா ஆன்ட்டி. நீங்க?"

"நானுந்தான். டீச்சர்னே கூப்பிடு, அதான் பழகிருச்சு."

முதல் இரண்டு நாள் எனக்கு உள்ளுக்குள் எரிச்சல்தான். ராத்திரி ஒன்பது மணிக்கு லைட்டை அணைப்பார். லூசர்னில் மூணு மணி நேரம் ஃப்ரீ டைம் கொடுத்தார்கள். ஏரிக்கரையில் தனியா நடக்கலாம்னு கிளம்பினால், "இரு, நானும் வரேன்" என்று ஷூ மாட்டிக்கொண்டார். இதுக்காகவா இவ்ளோ செலவு பண்ணி வந்தோம்னு நினைச்சேன்.

மறுநாள் ரிகி. ஜெமைமா போனபோது அங்கே ரயில் கிடையாது. ஃபிட்ஸ்னாவில் இருந்து பல்சக்கர ரயில் வந்தது 1871-ல். நாங்கள் அதில் ஏறி அரை மணி நேரத்தில் மேலே போய்விட்டோம். உச்சியில் அப்பா வீடியோ கால் பண்ணினார். டீச்சர் என் கையில் இருந்து போனை வாங்கி, "நான் பார்த்துக்கிறேன் சார், நீங்க கவலைப்படாதீங்க" என்றார். அப்பா முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

அஞ்சு நிமிஷம் கழித்து டீச்சரின் மகன் கூப்பிட்டார், பெங்களூரில் இருந்து. டீச்சர் போனை என்னிடம் நீட்டினார். "அம்மாவுக்கு முட்டி வலி இருக்கு, கொஞ்சம் பார்த்துக்கோங்க சிஸ்டர். அவங்களைத் தனியா அனுப்பவே எனக்கு மனசில்லை. கூட ஒரு பொண்ணு இருக்குன்னு சொன்னதாலதான் சரின்னேன்."

போனை வைத்ததும் நாங்கள் ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். டீச்சர்தான் முதலில் சிரித்தார். நேத்து ஏரிக்கரைக்கு அவர் என் கூட வந்தது எனக்குக் காவலுக்கா, இல்லை தனியா நடக்க அவருக்கே பயமான்னு அப்போதான் யோசிச்சேன். கேட்கலை.

2019 செப்டம்பர் 23-ல் தாமஸ் குக் தொடங்கிய அந்தப் பிரிட்டிஷ் நிறுவனம் திவாலானது. வெளிநாடுகளில் சிக்கிக்கொண்ட சுமார் ஒன்றரை லட்சம் பயணிகளை பிரிட்டிஷ் அரசாங்கம் விமானம் வைத்து வீட்டுக்குக் கூட்டி வந்தது. அந்த வேலைக்கு வைத்த பெயர், 'ஆபரேஷன் மேட்டர்ஹார்ன்'. சுவிட்சர்லாந்து மலையின் பெயர். 178 வருஷத்துத் துணை ஒரே ராத்திரியில் கைவிட்ட மாதிரிதான்.

ஊருக்கு வந்த பிறகு அப்பா கேட்டார், "அடுத்த தடவை எங்கே?"

"ஜப்பான்ப்பா."

"யார் கூட?"

"இன்னும் தெரியாது. அங்க போய்த்தான் தெரியும்."

அவர் ஒண்ணும் சொல்லலை. கொஞ்ச நேரம் கழிச்சு, "அந்த டீச்சருக்கு முட்டி வலி எப்படி இருக்காம்?" என்று கேட்டார்.

நீங்க யாராவது இப்படித் தனியா ஒரு குரூப்பில் சேர்ந்து போயிருந்தீங்கன்னா, அந்த ரூம்மேட் கதையை எனக்கு எழுதுங்க.