கண்ணாடிக்குள் ஒரு சடை: கோடை விடுமுறையும் சிறுமியரின் பூத்தைத்த படங்களும்

தென்னிந்தியக் குடும்பங்களின் பழைய படப்பெட்டிகளில் ஒரே வகைப் படம் மீண்டும் மீண்டும் கிடைக்கிறது. பட்டுப்பாவாடை உடுத்திய சிறுமி ஒருத்தி நிற்கிறாள், அல்லது முக்காலியில் அமர்ந்திருக்கிறாள். அவளுக்குப் பின்னே நிலைக்கண்ணாடி ஒன்று சற்றே கோணமாக வைக்கப்பட்டிருக்கிறது. கேமராவின் பக்கம் அவள் முகம். கண்ணாடிக்குள் அவள் முதுகு. அம்முதுகின் நடுவே, உச்சி முதல் இடை வரை, மல்லிகை மொட்டுகள் வரிசை வரிசையாகத் தைக்கப்பட்ட சடை. சிறுமி பெரும்பாலும் சிரிப்பதில்லை. தலையை அசைக்கக் கூடாது என்று சொல்லி நிறுத்தியிருக்கிறார்கள் என்பது அவள் நிற்கும் விதத்திலேயே தெரிகிறது.

தமிழில் இவ்வலங்காரத்தைப் ‘பூத் தைத்தல்’ என்பர். கன்னடத்தில் இதற்கு ‘மொக்கின ஜடெ’ என்று பெயர். தெலுங்கில் ‘பூல ஜட’. கன்னடப் பெயரின் முதற்சொல் தமிழின் ‘மொக்கு’ என்பதற்கு உறவுடையது. கன்னடம் மொட்டைக் கொண்டு பெயரிட்டது. தெலுங்கு பூவைக் கொண்டு பெயரிட்டது. தமிழ் தைக்கும் செயலையே பெயராக்கிக்கொண்டது. மூன்று மொழிப் பகுதிகளிலும் படம் மட்டும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கிறது. ஆவணக்காப்பகங்கள் இதனைக் குழந்தையின் உருவப்படம் என்ற தலைப்பில் வைக்கின்றன. அத்தலைப்பு தவறன்று, ஆனால் அது போதாது. வீட்டுப் பெண்களின் ஒரு நாள் உழைப்பும், தலைமுடி எவருக்கு எதுவரை உரியது என்ற சமூக விதியும் அதே சட்டகத்துக்குள் பதிவாகியிருக்கின்றன.

முதலில் காலத்தைக் கவனிக்க வேண்டும். மல்லிகை பங்குனி தொடங்கிக் கோடை முழுதும் மிகுதியாகப் பூக்கும். மார்கழி, தை மாதக் குளிரில் விளைச்சல் வீழ்ந்து விலை ஏறிவிடும். ஆகவே பொங்கலுக்கு ஒரு முழம் பூ வாங்கத் தயங்கிய குடும்பமும் சித்திரையில் படிக்கணக்கில் மொட்டு வாங்க முடிந்தது. பள்ளிகளின் ஆண்டு விடுமுறையும் ஏப்ரல், மே மாதங்களிலேயே வந்தது. விடுமுறைக்குத் தாயின் பிறந்தகம் செல்லும் குழந்தைக்கு அங்கே பாட்டி, பெரியம்மா, சித்தி, மாமி என்று பல கைகள் கிடைத்தன. மலிந்த பூ, ஓய்வு, கூடியிருக்கும் உறவு ஆகிய மூன்றும் ஆண்டில் ஒருமுறை ஒன்றுசேர்ந்தன. பள்ளி நாள்காட்டியும் மல்லிகையின் பருவமும் சந்தித்த அவ்விடத்தில்தான் இந்த விடுமுறைப் படம் வேரூன்றியது.

படத்திற்கான ஆயத்தம் முதல் நாளே தொடங்கும். எண்ணெய் தேய்த்து, சீயக்காய் இட்டுக் குளிப்பாட்டி, சாம்பிராணிப் புகையில் முடியை உலர்த்துவர். மறுநாள் சிக்கெடுத்து, பேன்சீப்பால் வாரி, இறுகப் பின்னுவர். முடி போதாத குழந்தைக்குச் சவுரி சேர்க்கப்படும். நுனியில் குஞ்சலம் தொங்கும். சடையின் மேல் நேரே தைத்தால் மொட்டுகள் நிலைகொள்ளா. எனவே வாழைப்பட்டையோ தாழை மடலோ தடித்த அட்டையோ அடித்தளமாக வைக்கப்படும். ஒரே நீளமுள்ள மொட்டுகளாகப் பொறுக்கி, ஊசியும் நூலும் கொண்டு வரிசையாகத் தைத்து, இடையிடையே கனகாம்பரமும் மருக்கொழுந்தும் சேர்ப்பர். தலையில் ராக்கொடி, வகிட்டின் இருமருங்கும் சூரியப்பிரபை, சந்திரப்பிரபை, நெற்றியில் சுட்டி. நகைகள் குடும்பத்தினுடையவையாக இருக்கலாம். அண்டை வீட்டில் இரவல் வாங்கியவையாகவும் இருக்கலாம். இவ்வளவும் முடியும்வரை குழந்தை முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். முடியின் இழுப்பும் பூவின் பாரமும் அதன் கழுத்தில்தான் இறங்கும். தைப்பவர்கள் கதை சொல்லியும் தின்பண்டம் கொடுத்தும் அதட்டியும் அக்குழந்தையை அமர்த்தி வைத்தனர்.

இவ்வேலைக்கு இரண்டு காலக்கெடுக்கள் இருந்தன. விடியலில் பறித்த மல்லிகை மொட்டு மாலையில் விரியத் தொடங்கும். விரிந்தால் மணம் கூடும்; ஆனால் வரிசை குலையும். மொட்டாக இருக்கும்வரைதான் தையலின் ஒழுங்கு கண்ணுக்குத் தெரியும். மற்றொரு கெடு ஒளியைச் சார்ந்தது. மின்விளக்குகள் பரவுவதற்கு முந்திய ஸ்டுடியோக்கள் கண்ணாடிக் கூரையின் வழியாகவோ பெரிய சாளரத்தின் வழியாகவோ வரும் பகலொளியை நம்பியிருந்தன. வெயில் சாய்ந்தபின் படமெடுக்க இயலாது. எனவே காலையில் சந்தைக்கு வந்த மொட்டு, பிற்பகல் ஒளி மங்குமுன் ஸ்டுடியோவின் திரைச்சீலைக்கு முன்னே நின்றாக வேண்டும். கோடை வெயிலில் பூ வாடாமல் குழந்தையை அழைத்துச் செல்வதே ஒரு தனி வேலை. மின்விளக்கு வந்தபின் இரண்டாவது கெடு தளர்ந்தது. முதலாவது கெடு இன்றும் தளரவில்லை.

ஸ்டுடியோவில் புகைப்படக் கலைஞருக்கும் ஒரு சிக்கல் காத்திருந்தது. கண்ணாடிக்குள் தெரியும் உருவம், ஒளியியல் கணக்கின்படி, கண்ணாடியின் பரப்பில் இல்லை. அது கண்ணாடிக்கு அப்பால் இருப்பதாகவே வில்லை கொள்ளும். சிறுமியின் முகம் ஒரு தொலைவில் இருக்க, அவள் சடையின் பிம்பம் அதைவிட நெடுந்தொலைவில் அமையும். இரண்டும் தெளிவாக விழவேண்டுமானால் வில்லையின் துளையைச் சிறிதாக்க வேண்டும். துளை சிறுத்தால் ஒளி குறையும். ஒளி குறைந்தால் பதிவாகும் நேரம் நீளும். நேரம் நீண்டால் குழந்தை அசையாமல் நிற்க வேண்டிய நேரமும் நீளும். அதோடு, கண்ணாடியின் கோணம் பிசகினால் கேமராவும் கலைஞரும் படத்திற்குள் வந்துவிடுவர். கண்ணாடி இல்லாத இடங்களில் குழந்தையைத் திருப்பி நிறுத்தி முகத்தைத் தோளின் மேலாகப் பார்க்கச் செய்தனர். அல்லது சடையை முன்பக்கம் எடுத்து மார்பின் மேல் விட்டனர். இப்படங்களில் தென்படும் முகவிறைப்பைக் குழந்தையின் அச்சம் என்று மட்டும் படிப்பது சரியாகாது. அதில் வில்லையின் கணக்கும் கலந்திருக்கிறது.

மற்றொரு எச்சரிக்கையும் தேவை. தொடக்ககாலப் புகைப்படத் தகடுகள் நீல ஒளிக்கே மிகுதியாக இணங்கின. பின்னர் வந்த ஆர்த்தோகுரோமாட்டிக் தகடுகள் பச்சையையும் உணர்ந்தன, சிவப்பை உணரவில்லை. எல்லா நிறங்களையும் உணரும் பான்குரோமாட்டிக் தகடுகள் 1906 முதல் விற்பனைக்கு வந்தபோதிலும் பழைய வகை நெடுங்காலம் புழக்கத்தில் இருந்தது. இத்தகைய தகட்டில் வெள்ளை மல்லிகை பளிச்செனத் தெரியும்; செம்மஞ்சள் நிறக் கனகாம்பரம் இருண்டு கூந்தலோடு கலந்துவிடும். எனவே பழைய படத்தில் மல்லிகை மட்டுமே தெரிகிறது என்பதைக் கொண்டு அக்காலச் சடையில் மல்லிகை மட்டுமே இருந்தது என்று முடிவுகட்டுதல் பிழை. தைத்தவர் நிறத்தை எண்ணித் தைத்திருக்கலாம்; தகடு அதை வாங்கிக்கொள்ளவில்லை.

இனி, தைத்தவர் எங்கே என்ற கேள்வி. 1839இல் ஐரோப்பாவில் அறிவிக்கப்பட்ட புகைப்படக்கலை விரைவிலேயே இந்தியா வந்தது. பம்பாயில் 1854இலும் கல்கத்தா, சென்னை ஆகிய இடங்களில் 1856இலும் புகைப்படக் கழகங்கள் தோன்றின. ஆயினும் அந்நிய ஆடவர் ஒருவரின் கேமராவுக்கு முன் குலப்பெண்கள் அமர்வதற்குப் பல சமூகங்களில் தடை இருந்தது. அத்தடையின் வலிமைக்குச் சான்று, லாலா தீன் தயாள் 1892இல் ஐதராபாத்தில் பெண்களுக்கென்றே தனி ஸ்டுடியோ ஒன்றைத் திறந்தமை. அங்கே படமெடுக்கும் பொறுப்பு ஓர் ஆங்கிலேயப் பெண்மணியிடம் ஒப்படைக்கப்பட்டது. பருவமெய்தாத சிறுமிக்கு இத்தகைய தடை இல்லை. அவள் கடைத்தெரு ஸ்டுடியோவுக்குத் தந்தையுடனோ மாமனுடனோ செல்லலாம். தாயும் பாட்டியும் செய்த வேலை அவள் முதுகில் ஏறி ஸ்டுடியோவுக்குப் போயிற்று. அவர்கள் பலர் வீட்டிலேயே நின்றுவிட்டனர். அவர்கள் கைத்திறனைக் காட்டத்தான் கண்ணாடி வைக்கப்பட்டது. அவர்கள் பெயரைக் காட்டப் படத்தில் இடமிருக்கவில்லை.

சிறுவர்களின் படங்கள் இவ்வாசிப்பை மேலும் தெளிவாக்குகின்றன. நேர்த்திக்கடனுக்காக முடி வளர்க்கப்பட்ட ஆண்குழந்தைக்கும், பழனியிலோ திருப்பதியிலோ குலதெய்வக் கோயிலிலோ மொட்டை போடுவதற்கு முன், சடை பின்னிப் பூ வைத்துப் படமெடுக்கும் வழக்கம் பல குடும்பங்களில் உண்டு. சிலர் பாவாடையும் உடுத்திவிடுவர். பிற்காலத்தில் அப்படத்தைக் காட்டி அவனைக் கேலி செய்வது குடும்ப விளையாட்டு. ஆனால் படத்தின் நோக்கம் தெளிவானது: நாளை இராத முடியை இன்று பதிந்துவைத்தல். சிறுமியின் பூச்சடைக்கும் இதே பண்பு உண்டு. பூத்தைத்தல் விடுமுறை விளையாட்டாக மட்டும் நின்றதில்லை. பூப்பு நீராட்டிலும் திருமணத்திலும் சூலுற்ற பெண்ணின் வளைகாப்பிலும் அதே சடை வரும். குழந்தைப்பருவப் படம் அவ்வரிசையின் முதற்படி.

அவ்வரிசை எல்லோருக்கும் நீளவில்லை என்பதே இப்படங்களின் கனமான பகுதி. பால்ய விவாகம் நிலவிய சாதிகளில், குறிப்பாகப் பிராமணர்களிடையே, பூச்சூடிய சிறுமியும் கைம்பெண்ணும் ஒரே வயதினராக இருக்க முடிந்தது. கணவன் இறந்தால் பூவும் பொட்டும் அப்போதே போயின. சில ஆண்டுகளில் முடியும் மழிக்கப்பட்டது. அ. மாதவையாவின் ‘முத்துமீனாட்சி’ (1903) இத்தகைய சிறுமியின் வாழ்வையே பொருளாகக் கொண்டது. 1890இல் பம்பாயில் நாவிதர்கள் கூடி, விதவையரின் தலையை மழிப்பதில்லை என்று தீர்மானித்தனர். மழிக்கும் கத்தியைப் பிடித்தவர்களே அதைக் கீழே வைத்த நிகழ்ச்சி அது. தாமே இளம்வயதில் கணவரை இழந்த சகோதரி சுப்புலட்சுமி (1886–1969), 1911இல் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டே சென்னையில் இளம் விதவையரின் கல்விக்கான பணியைத் தொடங்கினார். குழந்தை மணத்தைத் தடுக்கும் சாரதா சட்டம் 1929இல் நிறைவேறியது. இப்பின்னணியை மறந்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கப் படமொன்றில் பூச்சடையின் அழகை மட்டும் பார்ப்பது அரைப்பார்வை. அவ்வளவு கவனமாக அதைப் பதிந்துவைத்த பெண்களிற் சிலர், முடி எத்துணை எளிதில் பறிபோகும் என்பதைத் தம் வீட்டிலேயே பார்த்தவர்கள்.

முடியைப் பெருமையாகக் கொள்ளும் மரபுக்கு எதிர்க்குரலும் அக்காலத்திலேயே எழுந்தது. நீண்ட கூந்தலும் அதன் பராமரிப்பும் பெண்ணின் நேரத்தை விழுங்குவதாகக் கருதிய பெரியார், பெண்களும் முடியைக் கத்தரித்துக்கொள்ள வேண்டும் என்று வலியுறுத்தினார். ஆண்பிள்ளைகளிடையே குடுமியா கிராப்பா என்ற வழக்கு ஏற்கெனவே வீடுதோறும் நடந்துகொண்டிருந்தது. ஒரே குடும்பப் படத்தில் குடுமித் தாத்தாவும் கிராப்புத் தலைப் பேரனும் பூச்சடைப் பேத்தியும் ஒருங்கே நிற்கக் காணலாம். மாற்றம் ஆண்களின் தலையில் முதலில் ஏறியது. பெண்களின் தலையில் மரபு தங்கியது.

இன்று பூச்சடை கடையில் ஆயத்தமாகவே கிடைக்கிறது. பின்னலின் மேல் கட்டிவிட்டால் போதும். கைபேசியில் முதுகைத் தனியே எடுக்கலாம் என்பதால் கண்ணாடியும் தேவையற்றதாயிற்று. இந்நிலையில் எஞ்சியிருக்கும் பழைய படங்கள் ஆய்வுலகின் பொறுப்பாகின்றன. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் ஆதரவுடன், 1880 முதல் 1980 வரையிலான தமிழக ஸ்டுடியோப் படங்களைத் தேடி எண்ணிமப்படுத்தியிருக்கிறது. படம் காப்பாற்றப்பட்டால் மட்டும் போதாது. அதைப் பற்றிய பேச்சும் காப்பாற்றப்பட வேண்டும். படத்தில் இருப்பவர் யார் என்பதோடு, பூ எங்கே வாங்கப்பட்டது, நகை யாருடையது, தைத்தவர் யார், அவர் படத்துக்கு ஏன் வரவில்லை என்ற கேள்விகளும் பட்டியலில் இடம்பெற வேண்டும். படத்தில் நின்ற சிறுமி இன்று எண்பதைத் தாண்டிய மூதாட்டியாக இருக்கலாம். முகத்தை அடையாளம் காட்டத் தயங்கினாலும், அன்று தலையை இழுத்துப் பின்னியவர் யார் என்பது அவருக்கு நினைவிருக்கும். அந்தப் பெயரைக் கேட்டு எழுதிவைக்க இன்னும் சில ஆண்டுகளே உள்ளன.