மன்னார்க் கடலடி எரிவாயு: கண்டது எவ்வளவு, கைக்கு வந்தது எவ்வளவு?

பார்க்கிங்கை அடுத்துள்ள பெக்டனில் 1870 இல் திறக்கப்பட்ட ஆலை, நிலக்கரியிலிருந்து எரிவாயு தயாரித்து இலண்டன் வீடுகளுக்கு அனுப்பியது. 1965 இல் வடகடலடியில் இயற்கை எரிவாயு கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் அது கரைக்கு வந்தது. பெக்டன் ஆலையின் காலம் முடிந்தது.

எமது மன்னார்க் கடலின் கீழும் எரிவாயு உண்டு. அது ஏன் இன்னும் கரைக்கு வரவில்லை?

எரிவாயு நிலத்தடிக் குளம்போல் தேங்கிக் கிடப்பதில்லை. ஆறுகள் கொண்டுவரும் மணலும் சேறும் பல கோடி ஆண்டுகளாகப் படிந்து இறுகுவதே படிவுப் பாறை. அதில் புதைந்த உயிர்ப்பொருட்கள் ஆழத்தின் வெப்பத்தில் வாயுவாகின்றன. அந்த வாயு மேலெழுந்து மணற்கல்லின் நுண்துளைகளில் தங்குகிறது. மேலே வாயு புகாத பாறை மூடியிருந்தால் மட்டுமே அது நிலைக்கும். தென் வடகடலில் அந்த மூடி உப்புப் படலம்.

கொண்டுவானாப் பெருங்கண்டம் உடைந்து, இந்தியாவும் இலங்கையும் இழுபட்டபோது தாழ்ந்த பள்ளமே மன்னார்ப் படுகை. 1970களில் சோவியத் உதவியுடன் மன்னார்த் தீவின் பேசாலையில் கிணறுகள் தோண்டப்பட்டன, பயன் கிட்டவில்லை. 2011 இல் கெய்ர்ன் லங்கா நிறுவனம் ஆழ்கடலில் டொராடோ, பராகுடா என்ற இரு கிணறுகளில் எரிவாயுவைக் கண்டது. டொராடோவில் கடலின் ஆழம் மட்டும் 1,354 மீற்றர். வாயு தங்கியிருந்த மணற்கல்லின் தடிப்பு ஏறத்தாழ 25 மீற்றர்.

தென் வடகடல் ஆழம் குறைந்தது. மன்னாரிலோ ஆழ்கடற் கிணறும் நீண்ட குழாயும் பெருஞ்செலவு. 2014 இல் எண்ணெய் விலையும் சரிந்தது. 2015 இல் நிறுவனம் விலகியது. இதுவரை அங்கிருந்து எரிவாயு விற்பனைக்கு வரவில்லை.

ஆகவே பல கோடி டொலர் வளம் என்ற செய்திகளை வாசிக்கையில் ஒரு வேறுபாட்டை நினைவில் வைப்பது நல்லது. மதிப்பிடப்பட்ட வளம் வேறு. கிணறு தோண்டி உறுதிசெய்து, இலாபத்துடன் எடுக்கக்கூடிய இருப்பு வேறு. முதலாவதை வைத்து இரண்டாவதைக் கணக்கிட முடியாது.

இலங்கைச் சட்டப்படி கடலடிப் பெற்றோலியம் அரசுக்குரியது; உரிமம் வழங்குவதும் கொழும்பே. அக்கடலை நம்பி வாழ்வோர் மன்னார்க் கடற்றொழிலாளர்கள். காவிரிப் படுகையில் 2017 இல் நெடுவாசல் மக்கள் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்துப் போராடினர். 2020 இல் தமிழ்நாடு டெல்டாவைப் பாதுகாக்கச் சட்டம் இயற்றியது. மன்னாரில் அடுத்த உரிமம் கையெழுத்தாகும் முன்பே, அங்குள்ள மக்களுக்கு என்ன பங்கு, என்ன பாதுகாப்பு என்று கேட்க வேண்டும். கிணறு தோண்டிய பிறகு கேட்பது காலங்கடந்த கேள்வி.