ஹுவாங்ஷான் மாவ்ஃபெங்

சீனாவின் கிழக்கே, ஆன்ஹுய் மாகாணத்தின் தென்கோடியில் எழும் ஹுவாங்ஷான் மலைத்தொடரையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த பச்சைத் தேயிலை. வசந்தம் தொடங்கும் ஏப்ரல் மாத வாக்கில், ஒரு மொட்டும் அதையொட்டி அப்போதுதான் விரிந்த ஓர் இலையுமாகக் கொழுந்து பறிப்பார்கள். பதப்படுத்தி உலர்ந்தபின் அது குருவி நாக்குப் போலச் சற்றே வளைந்து, தந்த நிறத்தில், வெண்ணிற நுண்மயிர் படர்ந்திருக்கும். காம்படியில் பொன்மஞ்சள் சிற்றிலை ஒன்று ஒட்டியிருந்தால் உயர்தரம். ஹுவாங்ஷானின் மிக உயர்ந்த சிகரம் 1,864 மீட்டர்; மேகம் கலையாத மலை. ஆகவே இத்தேயிலையின் புகழுக்கு உயரமும் மேகமுமே காரணம் என்று கடைக்காரரிலிருந்து பயண நூல் எழுதுபவர் வரை சொல்கிறார்கள். பழைய பதிவுகளைப் புரட்டினால் கதை வேறாக இருக்கிறது. மலை நல்ல கொழுந்தைத் தந்தது உண்மை; அதற்குப் பெயர் வாங்கித் தந்தவை வாணலியும் வணிகமும்.

தாங் வம்சக் காலத்தில், 8ஆம் நூற்றாண்டில், தேயிலைக்கென்றே முதல் நூலை எழுதிய லூ யூ, நல்ல இலை விளையும் இடத்தைப் பற்றிக் கறாராகப் பேசுகிறார். சிதைந்த பாறைமண் சிறந்தது, சரளைமண் அடுத்தது, மஞ்சள் மண் கடைத்தரம். வெயில் படும் சரிவில் மரநிழலில் வளரும் செடி மேல். மண், சரிவு, நிழல் என்று எல்லாம் சொன்னவர் உயரத்தை ஓர் அளவுகோலாக வைக்கவில்லை. அன்றைய தேநீரும் வேறு. இலையை ஆவியில் வேகவைத்து, இடித்து, அச்சில் வார்த்து, கட்டியாக்கி உலர்த்தினார்கள். குடிக்கும்போது பொடித்துக் கொதிக்கவிட்டார்கள், உப்பும் சேர்த்தார்கள். இத்தனைக்கும் தப்பி ஒரு மலையின் மெல்லிய மணம் கோப்பை வரை வந்து சேர்வது கடினம். 1391இல் மிங் வம்சத்தின் முதல் பேரரசர் ஜூ யுவான்ஜாங், அரண்மனைக்குக் கட்டித் தேயிலையைத் திறையாக அனுப்பும் வழக்கத்தை நிறுத்தி, உதிரி இலையே போதும் என்று ஆணையிட்டார். அதன்பின் சூடான வாணலியில் இலையை வதக்கும் முறை பரவியது. இலையின் தனிமணம் விலைக்கு வரத் தொடங்கியது இந்த மாற்றத்துக்குப் பிறகுதான்.

ஹுவாங்ஷான் வட்டாரத்தில் முதலில் பேர்பெற்றது ஹுவாங்ஷான் தேயிலை அல்ல, அதற்குத் தெற்கே ஷியூனிங் மாவட்டத்திலுள்ள சோங்லுவோ. 900 மீட்டரைக்கூட எட்டாத மலை. மிங் கால எழுத்தாளர் ஃபெங் ஷிகே தரும் குறிப்பின்படி, தாஃபாங் என்ற பௌத்தத் துறவி சூசோவின் ஹூச்சியூவில் நெடுங்காலம் தங்கித் தேயிலை செய்யும் நுட்பத்தைக் கற்று, சோங்லுவோவில் குடில் அமைத்தார். சுற்றியுள்ள மலைகளிலிருந்தெல்லாம் இலையைக் கொண்டுவந்து அங்கே பதப்படுத்தினார். வியாபாரிகள் போட்டி போட்டு வாங்க, விலை ஏறியது. சோங்லுவோ என்று பெயர் பெற்றாலும் அந்த இலை அம்மலையில் விளைந்ததல்ல என்று ஃபெங் ஷிகே ஒளிக்காமல் எழுதிவிட்டார். 1597ஆம் ஆண்டைச் சேர்ந்த தேயிலை நூலில் ஷூ சிஷூ, ஹுவாங்ஷான் இலையை ஒருவர் ஓயாமல் புகழ்வதைச் சுட்டிவிட்டு, அது சோங்லுவோவுக்கு வெகுவாகக் கீழே என்று ஒதுக்குகிறார். இது தனிமனித ரசனைதானே என்று கேட்கலாம். ஆம், ஆனால் இரட்டிப்பு உயரமுள்ள மலை பக்கத்திலேயே நிற்க, அந்த உயரம் வழக்கைத் தீர்க்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 1848இல் மாறுவேடத்தில் இப்பகுதிக்கு வந்த ஸ்காட்லாந்துத் தாவரவியலர் ராபர்ட் ஃபார்ச்சூன், சோங்லுவோ மலை வறண்டு கிடப்பதையும், அங்கு விளைவது துறவிகளின் தேவைக்கே சரியாக இருப்பதையும், சந்தைக்குப் போகும் சரக்கு சுற்றியுள்ள தாழ்நிலத்தில் விளைவதையும் கண்டார். ஏற்றுமதிச் சரக்குக்குப் பிரஷ்ய நீலமும் ஜிப்சமும் கலந்து பச்சை ஏற்றியதையும் அவரே பதிவுசெய்தார்.

மாவ்ஃபெங் என்ற சரக்கு உருவானது இன்னும் பிந்தி. தைப்பிங் கிளர்ச்சியில் சீரழிந்த, ஹுவாங்ஷானைச் சூழ்ந்த ஹுய்சோ வட்டாரம் மீண்டுகொண்டிருந்தபோது, 1875 வாக்கில், ஷே மாவட்டத்துத் தேயிலை வணிகர் ஷியே ஜெங்ஆன் ஹுவாங்ஷான் சரிவுகளின் இளங்கொழுந்தைத் தனியே பறிக்கச்செய்து, ஷாங்காய் சந்தைக்காக இதை உருவாக்கினார். கோப்பை ஆவியில் வெண்தாமரை மலர்ந்ததாக ஒரு கதையைச் சொல்லி இதன் பிறப்பை மிங் காலத்துக்குக் கொண்டுபோவோர் உண்டு. கேட்க இனிமையான கதை, அவ்வளவே. வேலையின் நுணுக்கம் முழுவதும் அடுப்படியில் இருக்கிறது. சுமார் 150 டிகிரி சூட்டிலுள்ள வாணலியில் ஒரு தடவைக்கு 200 முதல் 250 கிராம் கொழுந்து மட்டும் விழும். வெறுங்கையால் நிமிடத்துக்கு ஐம்பது அறுபது முறை அள்ளி, ஒரு சாண் உயரம் தூக்கி உதற வேண்டும். தாமதித்தால் கருகும், அவசரப்பட்டால் பச்சை வாடை நிற்கும். உயர்தரக் கொழுந்தைத் தனியாக உருட்டுவதில்லை, வாணலியிலேயே லேசாகப் பிடித்துவிடுவதோடு சரி. பிறகு கரித்தணல்மேல் நான்கு மூங்கில் கூடைகள்: முதலாவதில் 90 டிகிரி, அடுத்தடுத்து 80, 70, 60. கடைசியாக மிதமான தணலில் நெடுநேர உலர்த்தல்.

புகழுக்கு உயரம் காரணமல்ல என்பதை வேதியியலைக் காட்டி மறுப்பவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. தியானின் என்ற அமினோ அமிலம் தேயிலைச் செடியின் வேரில் உருவாகி இலைக்கு ஏறுகிறது. வெயில் பட்டால் சிதைந்து, துவர்ப்பும் கைப்பும் தரும் கேட்டகின்கள் உருவாக உதவுகிறது. நூறு மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 0.6 டிகிரி குறையும். மூடுபனி வெயிலை வடிகட்டும். இலை மெல்ல வளர்ந்து இனிமை தங்கும். ஆனால் இங்கே வேலை செய்வது நிழலும் குளிரும். ஜப்பானின் ஊஜியில் கியோகுரோ தேயிலைக்காகப் பறிப்பதற்கு முன் சுமார் இருபது நாள் செடிமேல் பந்தல் போட்டு மூடி, அதே இனிமையை மலையேறாமலே பெறுகிறார்கள். ஹாங்சோவின் லோங்ஜிங் சில நூறு மீட்டர் குன்றுகளில் விளைந்தே சீனாவின் முதல்வரிசைத் தேயிலையாக நிற்கிறது. உயரம் உதவும், அது இல்லாவிட்டால் ஆகாது என்பதற்குத்தான் சான்று இல்லை.

2022இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சீனத் தேயிலை சேர்க்கப்பட்டபோது, அதில் இடம்பெற்றது பதப்படுத்தும் கைத்திறன். மாவ்ஃபெங் செய்முறையும் அதில் அடக்கம். பெயரின் எல்லையோ மலையைத் தாண்டி எப்போதோ விரிந்துவிட்டது. 1987இல் பழைய ஹுய்சோவின் பெரும்பகுதியைச் சேர்த்து ஹுவாங்ஷான் நகர நிர்வாகம் அமைக்கப்பட்டது. புவிசார் பாதுகாப்பும் அந்த நிர்வாக எல்லையையே பின்பற்றுகிறது. ஷியூனிங் அதற்குள் வருவதால், சோங்லுவோச் சரிவில் பறித்த கொழுந்தும் முறைப்படி பதப்படுத்தினால் இன்று ஹுவாங்ஷான் மாவ்ஃபெங் என்றே விற்கலாம்.